துவாய்களுக்கு அடியில் ஏழாம் பாகம்

ஒரு கதையின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்பதற்காக ஒருவரை ஏழு வருடம் வெறுக்கலாமா? வெறுக்க முடியும் என்பது மட்டும் தெரியும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

அந்தக் கதையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாங்கள் யார் யார் என்று லண்டன் வெம்பிளியில் பாதிப் பேருக்கு விளங்கிவிடும். மெட்ராஸில் ஒருவர் எழுதிய மாயக்கதை அது. தடித்த பாகங்களாக வந்துகொண்டிருந்தது. கடலுக்கு அடியில் ஒரு நகரம், அதற்கு ஏழு கதவுகள், பாகத்துக்கு ஒரு கதவு திறக்கும். திறக்கிறவள் ஒரு படகோட்டிப் பெண். கடல் கொண்டுபோன தம்பியைத் தேடிப் போகிறாள். அவளுக்குத் துணையாக வருகிறவன் கண் தெரியாத ஒரு மாலுமி. எழுதியவர் வருடத்துக்கு ஒரு பாகம் என்று தொடங்கி, பிறகு ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று இழுத்தார். ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘ஏழாம் பாகத்தில் நிறைவுறும்’ என்று அச்சடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

நாங்கள் பதினொரு வீடுகள். ரெய்னர்ஸ் லேன் பக்கம் சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தை இரவல் எடுத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறார்கள். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் இரண்டு மணித்தியாலமும் தாய்மார் கன்ரீனில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருப்போம். புத்தகம் கைமாறியது அங்கேதான். லண்டனுக்கு வருவது ஒரேயொரு பிரதிதான். ஒருவருக்கு ஒரு கிழமை, சனிக்குச் சனி. யாருக்குப் பிறகு யார் என்று ஒரு கொப்பியில் எழுதியிருந்தது. கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை கதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

சட்டத்துக்குக் கட்டுப்படாதவர் ஒருவர் இருந்தார். அவருடைய கணவர் பள்ளியின் செயலாளர், அதனால் நாங்கள் அவரைச் செயலாளர் அக்கா என்போம். மெட்ராஸில் இருந்த அவருடைய தம்பிதான் புத்தகத்தை வாங்கி அனுப்புவார். ஆகவே முதல் வாசிப்பும் கொப்பியும் அவருடையவை. அவர் ஒருபோதும் கதையைச் சொல்லமாட்டார். “நான் சொல்லமாட்டன், ஆனா...” என்று தொடங்குவார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு கதை முழுவதும் வரும்.

ஆறாம் பாகம் வந்தபோது என் வயிற்றில் மகள். மூத்தவனுக்கு நான்கு வயது. நான் பயந்த சுபாவக்காரி. காஸை நிறுத்தினேனா என்று மூன்று தரம் பார்ப்பேன், பிள்ளை மூச்சு விடுகிறானா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஊரில் பௌதிகவியல் படித்த பெண், ஆனாலும் காரணம் இல்லாமல் எதற்கும் பயப்படுவேன். அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் மட்டும் இந்த எண்ணிக்கையெல்லாம் நின்றுவிடும். அதனால் பிள்ளைப்பேற்றுத் திகதியையும் கொப்பியில் என் முறையையும் வைத்துக் கணக்குப் பார்த்திருந்தேன். நாலாவது ஆள் நான். படித்துமுடித்த பிறகுதான் பிள்ளை வரவேண்டும்.

பிள்ளை பத்து நாள் முந்தி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அக்கா வந்தார். நியாயத்தைச் சொல்லவேண்டும். பிள்ளை பெற்றவளுக்கென்று சரக்கு அரைத்த கறியை அவர்தான் தன் வீட்டிலிருந்து கிழமைக்கணக்காகக் கொண்டுவந்தார். மூத்தவனை நேர்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனார், கூட்டிக்கொண்டு வந்தார். என் தாய் பக்கத்தில் இல்லாத குறையைத் தீர்த்தார் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். சொல்லட்டும்.

“அக்கா, இந்தச் சனி என்ரை முறையெல்லோ? புத்தகம் கொண்டு வந்தனீங்களோ?” என்று கேட்டேன்.

“அதை அடுத்த முறைக்காரியிட்டைக் குடுத்திட்டன் பிள்ளை.”

“ஏன் அக்கா?”

“பெத்த உடம்போடை எழுத்துப் பார்த்தாக் கண்ணுக்குக் கூடாது. பிள்ளைத்துடக்குக் கழியுமட்டும் புத்தகம், பேப்பர் ஒண்டும் தொடாதையும். பிறகு நாப்பது வயசிலை ஊசியிலை நூல் கோக்க ஏலாமல் கிடப்பீர்.”

“நான் கொஞ்சம் கொஞ்சமா...”

“கொஞ்சமும் வேண்டாம். உம்மைப் பதினோராவதாப் போட்டிருக்கிறன். புத்தகம் எங்கை ஓடவே போகுது?”

என் முகம் கோணியிருக்கவேண்டும். அவர் கட்டிலில் உட்கார்ந்து, என் காலைத் தட்டி, இரக்கத்தோடு தொடங்கினார்.

“சரி சரி, முகத்தைச் சுருக்காதையும். நான் சொல்லமாட்டன், ஆனா அந்தக் குருட்டு மாலுமி இருக்கிறானெல்லோ, அவன் குருடே இல்லை. அஞ்சு பாகமா நடிச்சிருக்கிறான். தம்பியைக் கடலுக்கை தள்ளினதே அவன்தான்.”

கை இருந்திருந்தால் காதைப் பொத்தியிருப்பேன். மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை அவள் தலைக்குக் கீழே, மற்றக் கை அவள் மூக்கு அழுந்தாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையும் இல்லாத நேரம் பார்த்து அவர் அதைச் செய்தார் என்று பல வருடம் நினைத்தேன். அப்படி இருக்காது. அவருக்கு அவ்வளவு யோசனை இல்லை. அதற்காக மன்னிக்கலாமா என்றால், யோசிக்காமல் செய்வதை மன்னிக்க எனக்கு இன்னும் கஷ்டம்.

“இப்ப ஆசை அடங்கியிருக்கும். இனி நிம்மதியா நித்திரை கொள்ளும்” என்றார்.

“ஓம் அக்கா. தாங்ஸ் அக்கா” என்றேன் நான். அதைத்தான் என்னால் என்னிலேயே பொறுக்க முடியவில்லை.

பதினோராவதாகப் புத்தகம் வந்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் அந்த மாலுமி தடவித் தடவி நடந்தான். எனக்கு அவனுடைய இரண்டு கண்களும் பளிச்சென்று தெரிந்தன. அவன் படகோட்டிப் பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான், காய்ச்சலில் அவளுக்குக் கஞ்சி கொடுக்கிறான். மற்றப் பத்துப் பேரும் கடைசி அத்தியாயத்தில் ஓங்கி அறை வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அந்த அறை கிடைக்கவில்லை. அது ஒருமுறைதான் கிடைக்கும். என் பங்கை அவர் எடுத்துச் சரக்குக் கறியோடு எனக்கே வாயில் தீத்திவிட்டிருந்தார்.

அதன்பிறகு காத்திருப்பு. ஒரு வருடம், இரண்டு வருடம். சனிக்கிழமைகளில் வேறு பேச்சே இல்லை. எழுத்தாளர் வருத்தமாய்ப் படுக்கையில் கிடக்கிறாராம், பதிப்பகத்தோடு கோபமாம், சினிமாவுக்குப் போய்விட்டாராம். “என்ரை தம்பி விசாரிச்சவன்” என்று அக்கா ஒவ்வொரு மாதமும் ஒரு புதுத் தகவல் வைத்திருப்பார். எல்லோரும் முகத்தை நீட்டிக் கேட்போம்.

அந்த நேரத்தில் என் மச்சாள் ஒருத்தி யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு மெட்ராஸில் போய் இருந்தாள். அவளிடமிருந்து ஒரு நீல வான்கடிதம் வந்தது. தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக்காரரின் ஆக்கினை, தண்ணீர்ப் பஞ்சம் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தாள். அதை ஒரு சனிக்கிழமை கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். என்ன செய்யப்போகிறேன் என்று பஸ்ஸிலேயே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

அக்கா கன்ரீன் தொட்டியில் பிளாஸ்க் மூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“அக்கா, ஒரு சங்கதி. ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது.”

தண்ணீர்க் குழாய் உடனே நின்றது.

“எங்கடை மச்சாள் இருக்கிற வீட்டு மாடியிலை எங்கடை புத்தகம் அடிக்கிற அச்சகத்திலை வேலை செய்யிற ஒருத்தர் இருக்கிறாராம். ஏழாம் பாகம் எழுதி முடிஞ்சுதாம். முடிவை அவர் படிச்சவராம்.”

“பகிடி விடாதையும்!”

கடிதத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் காட்டினேன். நுணுக்கெழுத்து. அவருடைய மூக்குக்கண்ணாடி தூரத்து மேசையில் இருந்தது.

“என்னவாம்? என்னவாம் பிள்ளை?”

ஒருவரும் நம்பமுடியாத முடிவு ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். ஏழாவது கதவைத் திறந்தால் தம்பி உயிரோடு நிற்கிறான். மாலுமி அழுகிறான், படகோட்டிப் பெண் அவனை மன்னிக்கிறாள். மூவரும் ஊருக்குப் படகு விட்டு, கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆறு பாகம் இரத்தமும் இருட்டுமாக எழுதிய மனிதர் இப்படி முடிப்பாரா? கதை தெரிந்தவர்கள் யோசித்தால் சிரிப்பார்கள். அக்கா இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய, உண்மையான ஏழாம் பாகம் வந்து கன்ரீன் மேசையில் விழவேண்டும். பத்துப் பேரும் படித்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்க்கவேண்டும். அன்றைக்கு எந்தச் சேலை உடுப்பது என்றுகூட நான் தீர்மானித்திருந்தேன்.

“நான் ஏன் சொல்லப்போறன்? என்ரை வாயைப் பற்றி உமக்குத் தெரியாதோ?” என்றார் அக்கா.

எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமைக்குள் ஐந்து பேர் என்னைத் தனியாக இழுத்து அந்த முடிவை எனக்கே சொன்னார்கள். “செயலாளர் அக்காவின்ரை தம்பி எழுத்தாளரையே சந்திச்சவராம். நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும், என்ன?” என்றாள் ஒருத்தி. மச்சாளும் அச்சகக்காரரும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக என் பேரை மறைத்தாரோ, தன் தம்பிக்குப் பெருமை சேர்த்தாரோ! இரண்டாவதுதான் என்று நான் அப்போதே முடிவுகட்டினேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எல்லோரும் அதை நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல், “அப்பாடா” என்றார்கள். “நல்லவேளை தம்பி இருக்கிறான்” என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். மெல்ல மெல்ல அவர்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதை விட்டார்கள். எழுதியவர் எழுதாவிட்டால் போகிறார், முடிவு தெரிந்துவிட்டதே. கொப்பி எங்கோ அலுமாரியில் போய்விட்டது. பதினொரு வீட்டில் ஏழாம் பாகத்துக்காகக் காத்திருந்தது நான் ஒருத்திதான். எனக்கு அந்தத் தம்பி செத்தே ஆகவேண்டும்.

அப்படியே ஐந்து வருடம் போனது. வீடு மாறினோம், மூத்தவன் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனான், என் கணவர் பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டை விட்டு மேசையில் இருந்து செய்கிற ஒரு கந்தோர் வேலைக்குப் போனார். புத்தகம் மட்டும் வரவில்லை.

இந்த வருடம் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு நாடகம் போடுவதென்று தீர்மானித்தார்கள். நாடகம் எழுதியவர் செயலாளர் அக்கா. கடைசிக் காட்சி, ஏழாவது கதவு. தம்பி வெளியே வருகிறான், மாலுமி அழுகிறான், மீன் சுடுகிறார்கள். அழைப்பிதழில் ‘கதை, வசனம்’ என்று அவருடைய பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. என் கதை அது! என் பொய், ஆனாலும் என் கதை. மீன் சுடுவதுகூட என்னுடையது.

படகோட்டிப் பெண்ணாக நடிப்பதற்கு அவர் யாரைத் தெரிந்தெடுத்தார் தெரியுமா? என் மகளை. எந்தப் பிள்ளை பத்து நாள் முந்தி வந்து எனக்கு அந்தப் புத்தகத்தை இல்லாமல் ஆக்கினாளோ, அவளை.

“அவளின்ரை குரல் கடைசி வாங்கிலை இருக்கிறவைக்கும் கேக்கும் பிள்ளை, வேறை ஒருத்திக்கும் ஏலாது” என்றார் அக்கா.

வீட்டில் தமிழில் தண்ணீர்கூடக் கேட்காத பிள்ளை அவள். இரண்டரைப் பக்க வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்கினாள். மாடிப்படியில் நின்று, கையில் கரண்டியோடு, “தம்பி! நீ சாகவில்லையா?” என்று கத்துவாள். தமையன் படியிறங்கி வந்து, “நோ, ஐ ஆம் ஹங்ரி” என்பான். அவள் கரண்டியால் அடிப்பாள். “அம்மா, டெல் ஹிம்! இது சீரியஸ்!”

போன கிழமை, செவ்வாய்க்கிழமை காலை, தபால்காரர் ஒரு பார்சல் கொண்டுவந்தார். மச்சாள் அனுப்பியிருந்தாள். ‘நீ முந்தி விரும்பிப் படிக்கிற கதையின் கடைசிப் பாகம் வந்திருக்கு, கடையில் கண்டவுடன் வாங்கினேன்’ என்று ஒரு துண்டு. அட்டையில் ஏழாவது கதவு. அக்காவின் தம்பி கனடாவுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. லண்டனில் அந்தப் புத்தகம் என் கையில் மட்டும்தான்.

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து படித்தேன். மறுநாளும் படித்தேன். சோறு அடிப்பிடித்தது. காஸை நிறுத்தினேனா என்று ஒருதரமும் பார்க்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, மகளைக் கூட்டிவரப் போவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கதவு திறந்தது. உள்ளே தம்பியின் எலும்புகள் இருந்தன. படகோட்டிப் பெண் மாலுமியையும் உள்ளே இழுத்துக்கொண்டு உட்பக்கமாகக் கதவைப் பூட்டுகிறாள். அவ்வளவுதான்.

நான் கைதட்டினேன். தனியாக, சமையலறையில். தம்பி செத்துவிட்டான்! பிறகு என் மகள் மாடிப்படியில் நின்று கத்துகிற வசனம் நினைவுக்கு வந்தது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முதல்தரமாக. அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒரு புத்தகத்துக்கோ இவ்வளவு?”

“புத்தகத்துக்கு இல்லை.”

“அப்ப?”

“இஞ்சேருங்கோ, உங்களுக்கு விளங்காது” என்று சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு கன்ரீனுக்குப் போனேன். நினைத்து வைத்திருந்த சேலையைக்கூட உடுத்தேன். அக்கா என் மகளின் நாடகச் சட்டைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தார். பையில் கையை விட்டேன். புத்தகத்தின் முதுகில் விரல் பட்டது.

“இஞ்சை பிள்ளை, நல்ல நேரம் வந்தீர். இந்த ஊசியிலை நூலைக் கோத்துத் தாரும். என்ரை கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்லை” என்றார்.

ஊசியை வாங்கினேன். ஒரே தரத்தில் கோத்தேன். வெளிச்சத்துக்குப் பிடிக்கவும் இல்லை. நாற்பதை நெருங்கும் என் கண்கள் எவ்வளவு நல்ல கண்கள் என்று அவருக்குக் காட்ட, இன்னொரு ஊசியையும் கேட்டு வாங்கிக் கோத்துவைத்தேன். உண்மையைச் சொன்னால், இந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த முழுச் சந்தோஷம் அதுதான்.

அன்றைக்கு என் கண்ணைப் பற்றிச் சொன்னது ஒன்றும் அவருக்கு ஞாபகம் இல்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார்: “அந்த மனிசன் இனி எழுதமாட்டான் பிள்ளை. எழுதினாலும் நீர் சொன்ன மாதிரித்தானே முடியும்?”

நீர் சொன்ன மாதிரி. ஆக, முடிவைச் சொன்னது நான்தான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது.

“ஓம் அக்கா” என்றேன். பையின் வாயை இழுத்து மூடினேன்.

புத்தகம் இப்போது குளித்துத் துடைக்கிற துவாய்கள் வைக்கும் அலுமாரியில், பழைய துவாய்களுக்கு அடியில் இருக்கிறது. விழாவுக்கு இன்னும் சில சனிக்கிழமைகள் இருக்கின்றன. வரும் சனி கொடுத்தால் அக்கா எல்லோர் முன்னிலும் தலை குனிவார். நாடகத்தை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் நிறுத்துவார்கள். என் மகளின் இரண்டரைப் பக்கமும் போகும். எலும்புகளைப் பார்த்து அழும் காட்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டார்கள். விழா முடிந்த மறுசனி கொடுத்தால், மண்டபம் நிறையக் கைதட்டு வாங்கிய பிறகு அவர் விழுவார். அந்த வீழ்ச்சி இன்னும் உயரத்திலிருந்து. அதை நினைக்க வாயில் இனிக்கிறது. ஆனால் அந்த மேடையில் நடுவில் நிற்கப்போகிறவள் என் பிள்ளை. ‘பிழையான கதை நடிச்சவள்’ என்று மற்றப் பிள்ளைகள் சொல்வார்கள். அதோடு, பொய் என்னிடமிருந்துதான் வந்தது என்று அக்கா சொல்லிவிட்டால்? தன் தம்பியின் பேரைச் சொல்லி ஊரெல்லாம் பரப்பியவர் அதைச் சொல்லத் துணிவாரா? துணியலாம்.

கொடுக்காமலே விட்டுவிடலாம் என்றும் யோசித்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வருடக்கணக்காகக் காத்திருந்த பத்துப் பேரின் புத்தகத்தை, அவர்களுடைய நன்மைக்கு என்று சொல்லி, ஒருத்தி ஒளித்துவைத்திருக்கிறாள். அந்த வேலையை இதற்கு முதல் யார் செய்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள், ஒரு புத்தகத்துக்காக வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களும் இருப்பீர்கள். நல்லவளாக இரு என்று எனக்கு எழுதவேண்டாம், அதை என் கணவர் தினமும் சொல்கிறார். என் மகளின் வசனத்துக்கு ஒன்றும் ஆகாமல், அந்தப் பத்துப் பேருக்கும் முடிவு கிடைத்து, அக்காவும் ஒருதரமாவது எல்லோர் முன்னிலும் என் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கவேண்டும். அப்படியென்றால் எந்தச் சனிக்கிழமை கொடுக்கலாம்? அப்படி ஒரு சனிக்கிழமை இல்லையென்றால், இந்த மூன்றில் எதை நான் விடவேண்டும்? அதையாவது சொல்லுங்கள்.